கத்தரிக்கு முட்டை ஒட்டுண்ணி: அந்து வளர்ப்பில் தொடங்கி அட்டை கட்டியது வரை

டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவி உள்ளே வளரும் பூச்சி முட்டைகளை ஒட்டிய அட்டையை நாமே செய்துகொள்ள முடியுமா என்று கேட்டால், முடியும். இந்தப் பருவக் கத்தரியில் நான் கட்டியதெல்லாம் கையால் செய்த அட்டைகள்தான். ஆனால் இதில் குளவியை வளர்ப்பது சின்ன வேலை. குளவிக்கு முட்டை கொடுக்கும் அந்துப்பூச்சியை வளர்ப்பதில்தான் உழைப்பின் பெரும்பகுதி போகிறது. என் முதல் சுற்று கெட்டதும் அங்கேதான். அதனால் இந்தப் பதிவிலும் அந்துக்குத்தான் இடம் அதிகம்.

கத்தரியில் தொல்லை கொடுப்பது தண்டு, காய்த் துளைப்பான். தாய் அந்து இலையடியிலும் குருத்திலும் பூமொட்டிலும் காயின் காம்போரத்திலும் ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. மூன்று முதல் ஐந்து நாளில் முட்டை பொரிக்கும். பொரித்த புழு சில மணி நேரத்துக்குள் தண்டையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். அதன்பின் வேப்பங்கொட்டைச் சாறு அதை எட்டாது, பொறிவண்டும் எட்டாது. வெளியில், கைக்கு எட்டுகிற இடத்தில் கிடப்பது முட்டை மட்டும்தான். டிரைக்கோகிரம்மா அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடுகிறது. புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வருகிறது. அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், அச்செழுத்தின் மேல் வைக்கும் புள்ளி மாதிரி. நான் பயன்படுத்தியது டிரைக்கோகிரம்மா சிலோனிஸ்.

இந்தக் குளவியைப் பெருக்க ஏதாவது ஓர் அந்துப்பூச்சியின் முட்டை நிறைய வேண்டும். அதற்கு எல்லோரும் வளர்ப்பது கார்சிரா எனப்படும் அரிசி அந்து. தானியக் கிடங்கில் கூடு பின்னிக் கெடுக்கும் அதே பூச்சிதான். ஒரு பேசினுக்கான அளவு இது: நொறுக்கிய கம்பு இரண்டரை கிலோ, பொடித்த நிலக்கடலை 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், நனையும் கந்தகத் தூள் 5 கிராம். பயிற்சிகளில் சொல்லித்தரும் அளவுதான், நான் எதையும் மாற்றவில்லை. பாக்டீரியாவைத் தடுக்க ஸ்ட்ரெப்டோமைசின் கரைசலும் தெளிக்கச் சொல்வார்கள். அதை நான் விட்டுவிட்டேன். கம்பு நன்றாக உலர்ந்திருந்ததால் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. கம்பை ஒன்றிரண்டாக உடைத்தால் போதும். மாவாக்கிவிட்டால் அடியில் இறுகிப்போய்ப் புழுவுக்குக் காற்று கிடைக்காது.

இதன் மேல் அரை சிசி கார்சிரா முட்டையைப் பரவலாகத் தூவி, காடா துணியால் மூடி, எலாஸ்டிக் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் முட்டையை ஓர் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வாங்கினேன். பேசின் மேல் தேதி எழுதி ஒட்டுவது ரொம்ப முக்கியம். 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கும் அறையில் நாற்பது நாள் வாக்கில் அந்து வெளிவரத் தொடங்கும், குளிர்ந்தால் தள்ளிப்போகும். அதற்கு முன்பே கம்பு முழுக்க நூலாம்படை படர்ந்து, கட்டி கட்டியாகத் திரண்டிருக்கும். அது நல்ல அறிகுறி. முதல்முறை பார்க்கிறவர்கள் பூஞ்சணம் என்று நினைத்துக் கொட்டிவிட வேண்டாம்.

முதல் சுற்றில் கம்பை வாணலியில் வறுத்தேன். சொல்லப்பட்டது 100 டிகிரியில் அரை மணி நேரம். வாணலியில் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது வெதுவெதுப்பாகவே நின்றுவிடும். அப்படி அரைகுறையாகச் சூடேறிய கம்பில் சிவப்பு மாவு வண்டும் சிலந்திப்பேன் மாதிரி ஓடும் சிற்றுண்ணிகளும் பிழைத்துக்கொண்டன. சிற்றுண்ணி முட்டையைத் தின்கிறது, மாவு வண்டு தீவனத்தைத் தின்கிறது. பேசினில் வந்த அந்து சொற்பம். பிறகு முறையை மாற்றினேன். அகலமான அண்டாவின் அடியில் மணல் பரப்பி, அதன் மேல் கம்பு பரப்பிய தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, மூடி போட்டுச் சூடேற்றினேன். தானியத்தின் நடுவில் வெப்பமானி முனையைக் குத்திவைத்து, அது 100 டிகிரியைத் தொட்ட பிறகுதான் அரை மணியை எண்ணத் தொடங்கினேன். அதற்குப்பின் மாவு வண்டு வரவே இல்லை. இந்த வேலையில் நான் செய்த செலவுகளில் அதிகப் பலன் கொடுத்தது அந்த வெப்பமானிதான் என்று தோன்றுகிறது.

அதே சுற்றில் வேறொரு சேதமும் இருந்தது. இரண்டு பேசின்களில் புழுக்கள் அசையாமல் கிடந்தன, உடல் கெட்டுப்போகவும் இல்லை. பக்கத்திலேயே வெள்ளையாகச் சின்னச் சின்னக் கூட்டுப்புழுக்கள். அது பிராக்கான் ஹெபிடார் என்ற குளவியின் வேலை. புழுவைக் கொட்டி முடமாக்கி, அதன் மேல் முட்டை வைக்கிறது. தென்னையில் கருந்தலைப்புழுவைக் கட்டுப்படுத்த வயலில் விடுகிற அதே நல்ல பூச்சி, கார்சிரா அறைக்குள் நுழைந்தால் பேசினையே காலி செய்துவிடும். துணியில் எலாஸ்டிக் தளர்ந்த ஒரு மடிப்பு வழியாகத்தான் நுழைந்திருக்க வேண்டும். இப்போது இரண்டு அடுக்குத் துணி போடுகிறேன், அறை ஜன்னலுக்கும் நெருக்கமான வலை அடித்துவிட்டேன். பாதிக்கப்பட்ட பேசினைக் கண்டால் அங்கேயே திறந்து பார்க்காமல் வெளியே எடுத்துப்போய்விட வேண்டும்.

அந்து வரத் தொடங்கினால் தினமும் காலையில் பிடிக்க வேண்டும். ஒரே நாளில் வந்து முடிவதில்லை, ஒரு பேசினிலிருந்து இரண்டு மாதம் போல வந்துகொண்டே இருக்கும். சோதனைக்குழாயை அதன் மேல் கவிழ்த்துப் பிடிப்பதுதான் எளிது. இந்த நேரத்தில் கட்டாயம் முகக்கவசம் போடுங்கள். இறக்கைச் செதில் தூள் காற்றில் மிதக்கும். மூச்சுக்குள் போனால் தும்மல், மூக்கடைப்பு, சிலருக்கு இழுப்பே வரும். கவசம் இல்லாமல் தொடர்ந்து செய்யக்கூடாத வேலை இது.

முட்டையிடும் கூண்டு ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி. அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, அங்கே அந்து நுழைய முடியாத, முட்டை மட்டும் விழக்கூடிய கம்பி வலையை ஒட்டினேன். வாளிக்குள் பஞ்சில் நனைத்த தேன் கரைசல். கீழே வெள்ளைத் தாள். இரவில் முட்டை வலை வழியாகத் தாளில் உதிரும். அந்து முதல் நான்கு இரவுகளில்தான் பெரும்பாலான முட்டையை இடுகிறது. அதற்கு மேல் கூண்டில் வைத்திருப்பது இடத்தை அடைப்பதுதான்.

விழுந்த முட்டையோடு செதிலும் காலும் உணர்கொம்பும் கலந்திருக்கும். சல்லடையில் சலித்தாலும் நுண்ணிய செதில் தங்கிவிடும். அதற்கு ஒரு கைப்பழக்கம் இருக்கிறது: தாளைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தட்டினால் முட்டை உருண்டு கீழே வரும், செதில் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று தாள் மாற்றினால் சுத்தமான முட்டை கிடைத்துவிடும். செதில் தங்கினால் அட்டையில் முட்டை ஒட்டாது, வயலுக்குப் போவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். அளப்பதற்கு நுனி வெட்டிய ஊசிக்குழல் போதும். ஒரு சிசியில் 16,000 முதல் 20,000 முட்டை வரை இருக்கும்.

அட்டையில் ஒட்டும் முன் முட்டைக்குள் இருக்கும் கருவைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குளவி தொடாமல் விட்ட முட்டைகளிலிருந்து புழு வந்து, மற்ற முட்டைகளையும் தின்றுவிடும். அதற்குப் புற ஊதா விளக்கு. இங்கே நான் தப்பான விளக்கை வாங்கிவிட்டேன். பூச்சியை ஈர்க்கும் நீல நிறக் குழல் விளக்கும் புற ஊதா விளக்குதானே என்று அதைப் பொருத்தினேன். அதன் அலைநீளம் வேறு, கருவை ஒன்றும் செய்யாது. நாலைந்து நாளில் அட்டை முழுக்கப் புழு நெளிந்தது. வேண்டியது கிருமிநீக்கத்துக்கு வரும் விளக்கு. 15 வாட் குழலைப் பெட்டியின் மூடியில் பொருத்தி, 15 சென்டிமீட்டர் கீழே முட்டையை ஒற்றை அடுக்காகப் பரப்பி, இருபது நிமிடம் வைக்கிறேன். முட்டை ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தால் அடியில் இருப்பது தப்பித்துவிடும். இந்த விளக்கு கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். ஸ்விட்ச் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் தானாக அணையும்படி வயரிங் செய்துகொண்டால் இன்னும் நல்லது. நான் அப்படித்தான் மாற்றியிருக்கிறேன்.

அட்டை என்பது சாதாரண தடித்த தாள். நீர்த்த கருவேலம்பிசினை மெல்லிய பூச்சாகத் தடவி, தேயிலை வடிகட்டியால் முட்டையைத் தூவி, உலர்ந்ததும் ஒட்டாததைத் தட்டிவிட வேண்டும். கோந்து கெட்டியாக இருந்தால் முட்டை அதில் மூழ்கிவிடும், குளவியால் துளைக்க முடியாது.

இதுவரை வந்துவிட்டால் மீதி எளிது. குளவி வெளிவரத் தயாராக இருக்கும் தாய் அட்டை ஒரு சிசிக்கு, புது முட்டை அட்டை ஆறு சிசி. இரண்டையும் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, உள்ளே ஒரு தாள் கீற்றில் தேனைக் கோடாகத் தடவி, வாயைக் கருப்புத் துணியால் கட்டிவிடுகிறேன். குளவி வெளிச்சத்தை நோக்கிப் போகும். ஜாடியை ஒரே பக்கம் ஜன்னலைப் பார்க்க வைத்தால் அந்தப் பக்க அட்டையில் மட்டும் கூட்டமாக உட்காரும். அவ்வப்போது திருப்பி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் விட்டுவைக்காமல் அட்டையை எடுத்துவிடுவது நல்லது. ஒரே முட்டையில் பல குளவிகள் முட்டை வைத்தால் பிறப்பவை நோஞ்சானாக இருக்கும், சில பறக்கவே பறக்காது. மூன்றாம் நான்காம் நாளில் வெளிறிய முட்டை கருப்பாக மாறும். ஏழு எட்டு நாளில் குளவி வெளிவரும். கருத்த நிலையில் அட்டையை 10 டிகிரியில் வைத்தால் மூன்று வாரம் வரை தள்ளிப்போடலாம். குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டு அதைவிடக் குளிர்ச்சி, அதனால் காய்கறிப் பெட்டியில் வெப்பமானி வைத்துப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

எளிது என்றேன், ஆனால் குளவி ஜாடியை அந்துக் கூண்டு இருந்த அறையிலேயே வைத்ததில் ஒரு வாரச் சேகரிப்பு போயிற்று. முட்டையிடும் கூண்டின் கீழே தாளில் விழுந்த முட்டைகளே கருக்கத் தொடங்கின. அரை மில்லிமீட்டர் பூச்சியைக் காடா துணி ஓரளவு தடுக்கும், கம்பி வலை தடுக்காது. குளவிக்கும் அந்துக்கும் தனித்தனி அறை வேண்டும். ஒரு நாளில் அந்து வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் குளவி அறைக்குப் போக வேண்டும். திரும்பி வரக்கூடாது.

வயலுக்கு வருவோம். காய்கறிக்கு எக்டேருக்கு 50,000 ஒட்டுண்ணி, வாரம் ஒருமுறை என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. அதாவது ஏக்கருக்கு ஒரு சிசியை ஒட்டி வரும். என்னுடையது அரை ஏக்கர். வீட்டில் செய்த அட்டையில் எல்லா முட்டையும் கருக்காது என்பதால் அரை சிசிக்குப் பதில் ஒரு சிசி கட்டினேன்.

எத்தனை துண்டாக வெட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது ஒரு சின்னச் சோதனை. குளவி படாத புது முட்டை அட்டையைச் சிறு துண்டுகளாக்கி, ஒட்டுண்ணி அட்டையிலிருந்து மூன்று, ஐந்து, ஏழு, பத்து மீட்டர் தள்ளி இலையடியில் கட்டினேன். மறுநாள் எடுத்துவந்து மூடிய குப்பிகளில் போட்டுவைத்து, நாலைந்து நாள் கழித்து எத்தனை கருத்தது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று மீட்டரில் கருப்பு நிறைய, ஐந்தில் பாதிக்கு மேல், ஏழில் குறைவு, பத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். காற்றடிக்கும் பக்கம் கொஞ்சம் கூடுதலாக எட்டியது. ஆகவே ஏழு மீட்டருக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டேன். நான்கு துண்டுக்கு நடுவில் இருக்கும் செடிகூட ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளியிருக்காது. அரை ஏக்கருக்கு நாற்பது துண்டுக்கு மேல் ஆயிற்று. அட்டை வாங்கிக் கட்டுகிறவர்களும் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள். வாங்கிய அட்டையில் உயிர் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கட்டும்போது முட்டை ஒட்டிய பக்கம் நிழலைப் பார்க்க வேண்டும். இலையடியில் ஸ்டேப்ளர் அடித்துவிடுகிறேன். மாலை நேரம் நல்லது. எறும்பு இரண்டு மணி நேரத்தில் ஒரு துண்டைக் காலி செய்துவிடும். அசுவினியும் மாவுப்பூச்சியும் இருக்கும் செடியில் எறும்பு ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் செடிகளைத் தவிர்க்க வேண்டும். குளவி வெளிவருவதற்கு முந்தைய நாள் கட்டினால் எறும்புக்குக் கிடைக்கும் நேரமும் குறையும்.

எப்போது கட்டுவது என்பதை, பெண் அந்தின் வாசனையால் ஆண் அந்தை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி சொன்னது. செடியின் உச்சி மட்டத்தில் தொங்கவிட்டு, தினமும் காலையில் விழுந்த ஆண் அந்துக்களை எண்ணி எழுதிவந்தேன். தொடக்கத்தில் வாரம் ஒருநாள் என்று காலண்டரைப் பார்த்துக் கட்டியபோது பல அட்டைகள் முட்டையே இல்லாத நாட்களில் வீணாயின. குளவி தேன் கிடைக்காமல் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. பொறியில் எண்ணிக்கை ஏறியதும் மறுநாளே குளிர்ந்த இடத்திலிருந்து அட்டையை எடுத்துக் கட்டத் தொடங்கிய பிறகுதான் குருத்து வாடுவது கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

குளவி உயிரோடு இருக்க வயலிலேயே தேன் வேண்டும். வரப்போரம் கொத்தமல்லியைப் பதினைந்து நாள் இடைவெளியில் விதைத்து, எப்போதும் ஏதாவது ஒரு வரிசை பூத்திருக்கும்படி பார்த்துக்கொண்டேன். தட்டைப்பயறும் போட்டேன். அதில் பூக்காத காலத்திலும் பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் இடங்கள் உண்டு. அதில் வந்த அசுவினியைத் தின்னப் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வந்து சேர்ந்தன. கத்தரியில் தத்துப்பூச்சி, அசுவினிக்கு நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

தெளிப்பில் ஓர் எச்சரிக்கை. இயற்கை வேளாண்மையில் அனுமதி உள்ள பொருள் என்பதால் அது குளவிக்குக் கெடுதல் செய்யாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கந்தகமும், நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லியான ஸ்பினோசாடும் டிரைக்கோகிரம்மாவைக் கொல்லும். அட்டை கட்டும் வாரத்தில் இரண்டையும் தொடவே இல்லை. 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைக்கூட அட்டைக்கு முன்னும் பின்னும் சில நாள் விட்டுத்தான் அடித்தேன்.

வாடிய குருத்துகளை வாரந்தோறும் வாட்டத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை சேர்த்து வெட்டினேன். எரிக்கவில்லை. உள்ளே இருக்கும் புழுக்களில் சிலவற்றில் டிரத்தாலா என்ற மெல்லிய உடல் குளவி ஏற்கெனவே முட்டை வைத்திருக்கும், எரித்தால் அதுவும் போய்விடும். ஒரு பீப்பாய்க்குள் வெட்டிய குருத்தையும் சொத்தைக் காயையும் போட்டு, வாயில் அந்து வெளியேற முடியாத, குளவி மட்டும் நுழைந்து போகக்கூடிய வலையைக் கட்டினேன். வலையின் கண் அளவைப் பிடிக்க நாளாயிற்று. முதலில் போட்டதில் அந்துவும் தப்பியது. இரண்டு மில்லிமீட்டர் கண்ணில் அந்து உள்ளேயே செத்துக் கிடந்தது, குளவிகள் வெளியே வந்தன.

பறிப்பில் ஓட்டை விழுந்து ஒதுக்கும் காய் முந்தைய பருவத்து அளவில் பாதிக்கும் கீழே வந்தது. இது அட்டையால் மட்டும் என்று சொல்லமாட்டேன். ஒரு ஓரத்தில் நாலு வரிசையை அட்டை கட்டாமல், குருத்து மட்டும் வெட்டிக்கொண்டு விட்டிருந்தேன். அங்கே வாடல் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை. வெட்டி அகற்றிய வேலைக்கும் பொறிக்கும் நல்ல பங்கு இருக்கிறது.

செலவென்று பார்த்தால் கிருமிநீக்க விளக்கும் பேசின்களும் ஒருமுறை வாங்கினால் போதும். தொடர்ந்து போவது கம்பும், தினமும் காலையில் அந்து பிடிக்கப் போகும் ஒரு மணி நேரமும்தான். அந்த ஒரு மணியை விடாமல் கொடுக்க ஆளில்லாதவர்கள் அட்டையை வாங்கிக் கட்டுவதே மேல். அரை ஏக்கருக்காக மட்டும் கார்சிரா வளர்ப்பது எனக்கே கட்டுபடியாகவில்லை, தேவைக்கு மேல் முட்டை மிஞ்சியது. மிஞ்சியதைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களுக்குத் தீனியாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் தனித்தனிக் குப்பியில் வைக்க வேண்டியிருந்தது, வேலை இரட்டிப்பானது.

அடுத்த பருவத்தில் மூன்று மாற்றங்கள் செய்யப்போகிறேன். பேசின்களை ஒரே நாளில் போடாமல் பத்து நாளுக்கு இரண்டாகப் போட்டால் முட்டை ஒரே சீராக வரும். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் அந்து பிடிக்கும் வேலையில் முறை வைத்து வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அட்டையைப் பங்கிட்டுக்கொள்வோம். அப்புறம், பழைய கத்தரித் தண்டுகளைக் குவித்துவைத்திருக்கும் இடத்தை நடவுக்கு முன்பே காலி செய்ய வேண்டும். இந்த முறை பொறியில் முதலில் அந்து விழுந்தது அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த பொறியில்தான்.